ஒரே அளவுகோல்: வேதாகமத்தின் நம்பகமும் விசுவாசியின் பகுத்தறிவும்

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கான்சாபுரம் என்ற பெயர் கான்சாகிபுவை, மருதநாயகம் என்று மக்கள் அறிந்த முகம்மது யூசுப்கானை, நினைவூட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட அவரை 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களும் குறிப்புகளும். அவற்றைக் கொண்டு எஸ். சி. ஹில் 1914-இல் அவருடைய வரலாற்றை எழுதினார். மற்றொன்று, தென்பாண்டிச் சீமையில் பாடப்பட்டுவந்த ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடல். பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். கடிதங்கள் நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்டவை. ஆனால் எழுதியவர்கள் அவருக்கு எதிரே படை நிறுத்தியவர்கள். பாடல் பின்னால் வந்தது. ஆனால் அந்தப் போரை இந்த மண்ணில் நின்று பார்த்தவர்களின் நினைவு அதில் கலந்திருக்கிறது. தூக்குக்கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்றும், உடலைக் கூறுபோட்டு ஊருக்கொன்றாகப் புதைத்தார்கள் என்றும் மக்கள் சொல்லிவந்த செய்திகளும் உண்டு. வரலாறு படித்த எவரும் இவற்றில் எதையும் தூர எறியமாட்டார். எதையும் அப்படியே ஏற்கவும் மாட்டார். சொன்னவர் யார், எத்தனை காலம் கழித்துச் சொன்னார், யாருக்காகச் சொன்னார், தனக்குப் பாதகமான எதையாவது மறைக்காமல் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டுத்தான் எடைபோடுவார். இதே கேள்விகளைச் சுவிசேஷங்களிடமும் நிருபங்களிடமும் கேட்கலாமா? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

கேட்கலாம் என்பதோடு நான் நிற்கவில்லை. விசுவாசிதான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். மற்றவர் நூலை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோலால்தான் நம் நூலையும் அளக்க வேண்டும். அந்தக் கோல் எட்டும் தூரம் வரை பகுத்தறிவு பேசட்டும். எட்டாத இடத்தில் விசுவாசம் தன் முடிவை எடுக்கட்டும். கோல் எட்டுகிற இடத்திலேயே விசுவாசம் குறுக்கே வந்து நின்றுகொண்டு “இங்கே அளக்காதே” என்று சொன்னால், கெடுவது விசுவாசம்தான். ஏன் அப்படி என்பதற்குச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1854-இல் சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லண்ட் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று பிரசங்கிக்கும் ஊழியத்தைத் தொடங்கினார். சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தச் சுற்றுக்குள் அடங்கின. 1858-இல் சிவகாசியிலேயே அவர் காலமானார். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர் அவர். தர்க்கத்துக்கு அஞ்சும் மனிதராக இருந்திருக்க முடியாது. அதே 1854-இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளியிட்டார். நாவலர் வேதாகமத்தை வெளியே நின்று வைதவர் அல்லர். பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து அதைத் தமிழாக்க உதவியவர். வரி வரியாக அறிந்தவர். ஆலயம், பலி, தூபம், விளக்கு, தீட்டு, சுத்திகரிப்பு என்று சைவர்களிடம் நீங்கள் இகழ்கிற ஒவ்வொன்றும் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே தேவ கட்டளையாக இருக்கிறதே, அங்கே பக்தியாக இருப்பது இங்கே எப்படி மூடத்தனம் ஆகும் என்பதே அவர் கேள்வியின் சாரம். அன்றைய பிரசங்கிகள் பலர் புராணங்களைப் பகுத்தறிவால் அளந்தார்கள். தங்கள் நூலை விசுவாசத்தால் மட்டும் அளந்தார்கள். நாவலர் சுட்டிய அந்த இரட்டை அளவைக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு: கோலை ஒன்றாக்குவது. பின்னர் 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ இதழ்க்காரர்கள் எல்லாச் சமய நூல்களையும் ஒரே தராசில் வைத்தார்கள். அவர்கள் முடிவுகளில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் தராசு ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் தவறு காண முடியாது.

நூலை எடைபோடும் முறை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. மணிமேகலை சமயக்கணக்கர்களைச் சந்திக்கும் காதையே, உண்மையை அறியும் வழிகளான அளவைகளின் கணக்கோடுதான் தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்றும் சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குப் பாலபாடம். இவற்றில் உரை என்பது நம்பத் தகுந்தவரின் சொல். அப்படி நம்பத் தகுந்தவர், ஆப்தர், யார் என்று நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் வரையறுத்தார்: பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் சொன்னதுதான் நம் பொருளுக்கு மிக வேண்டியது. சாதியாலும் சமயத்தாலும் ஒருவர் ஆப்தர் ஆவதில்லை. அறிவாலும் நேர்மையாலும் ஆகிறார். பாளையங்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவ விசுவாசத்துக்குரிய பிரமாணங்களை, அதாவது அளவைகளை, ஆராய்ந்து 1971-இல் ஒரு நூல் எழுதினார். வேதம், பகுத்தறிவு, அனுபவம், சபை என்ற நான்கையும் அவர் பிரமாணங்களாக வைத்தார். தமிழ்நாட்டுப் பேராயர் ஒருவர் பகுத்தறிவை வேதத்துக்குப் பகையாக வெளியே நிறுத்தாமல் பக்கத்தில் உட்காரவைத்தார் என்பதை நம் சபைகள் மறந்துவிடக் கூடாது.

முதலில் நூலின் சொற்களையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் எழுதியபடியே நம் கைக்கு வந்திருக்கிறதா? இதற்கு விடை காண ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே விடை இருக்கிறது. பழைய திருப்புதல் என்று நாம் சொல்வது ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871-இல் முழுமை பெற்றது. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் அறிஞர்கள் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வந்தது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பரலோகத்தில் மூவர் சாட்சி சொல்கிறார்கள், அவர்கள் ஒன்றாயிருக்கிறார்கள் என்ற பொருளில் திரித்துவத்தை நேரடியாகச் சொல்லும் வாக்கியம் பழைய திருப்புதலில் இருக்கும். திருவிவிலியத்தில் அந்த வாக்கியம் இராது. மூன்று சாட்சிகள் உண்டு என்ற குறுகிய செய்தி மட்டும் இருக்கும். ஒரு தலைமுறை மனப்பாடமாகச் சொன்ன வசனம் அடுத்த தலைமுறையின் புத்தகத்தில் காணாமற்போயிருக்கிறது. விவரம் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால், யாரோ வேதத்தில் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

கைவைத்தவர்கள் உண்மையில் முந்தைய காலத்தவர். பழைய கிரேக்கக் கையெழுத்துப்படிகளில் அந்த வாக்கியம் கிடையாது. அது லத்தீன் மரபில் தோன்றி, ஓரக்குறிப்பாக இருந்து, உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்று பாடஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. கண்டனம் கிளம்பிய பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த அச்சுப்பாடமே ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளுக்கும் நம் பழைய திருப்புதலுக்கும் அடிப்படையாயிற்று. பவர் குழுவின் வேதாகமம் வெளிவந்து பத்தே ஆண்டுகளில், 1881-இல், வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் பழைய படிகளை ஒப்பிட்டுத் திருத்திய கிரேக்கப் பாடத்தை வெளியிட்டார்கள். அந்தப் பத்து ஆண்டு முன்பின்னால்தான் நம் பிரசங்க மேடைகளில் அந்த வசனம் நிலைத்துப்போனது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 4-ஆம் நூற்றாண்டில், இயேசுவின் முழுத் தெய்வத்தன்மையை மறுத்த ஆரியுஸோடு திரித்துவம் பற்றிப் பெரும் சொற்போர் நடந்தது. அதனாசியுஸ் முதலிய கிரேக்கத் திருச்சபைத் தந்தையருக்கு இந்த ஒரு வாக்கியம் கிடைத்திருந்தால் எதிராளியின் வாயை அடைத்திருக்கலாம். அவர்கள் யாரும் அதை எடுத்துக் காட்டவில்லை. மிகவும் தேவைப்பட்டவர்களே அதைக் காட்டாமல் போனது, அவர்களிடம் இருந்த படிகளில் அது இல்லை என்பதற்கு வலுவான சான்று. இப்படி முடிவு கட்டியது பகுத்தறிவு. அதனால் திரித்துவக் கோட்பாடு விழுந்துவிடவும் இல்லை. அந்த வாக்கியம் இல்லாமலேதானே அந்தத் தந்தையர் அதை வகுத்தார்கள்.

மாற்கு சுவிசேஷத்தின் முடிவும் இப்படிப்பட்டதே. பதினாறாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனம் முதல் கடைசி வரையுள்ள பகுதி, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழுப்படிகளான சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் இல்லை. இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியாமல் விடுவித்த நிகழ்ச்சி, யோவான் எட்டாம் அதிகாரத்தில் வருவது, தொன்மையான படிகளில் காணப்படவில்லை. மனத்தைத் தொடும் அந்தக் காட்சியை இழக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. அது இயேசுவைப் பற்றி வாய்வழியாக வந்த உண்மையான நினைவாக இருக்கக்கூடும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஆனாலும் யோவான் எழுதிய ஏட்டில் அது இருந்தது என்று சொல்வதற்குச் சான்று போதாது. நமக்குப் பிடித்திருக்கிறது என்பது அது மூலத்தில் இருந்ததற்குச் சான்றாகாது.

இதைப் பெரியாழ்வாரின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பிற்காலத்தில் வந்த மணவாள மாமுனிகள், தொலைந்த பகுதிக்கு மட்டும் தாம் உரை எழுதினார். எஞ்சியிருந்த பழைய உரையைத் தொடவில்லை. பழைய உரை எங்கே தொடங்குகிறது, புதிய உரை எங்கே முடிகிறது என்பது இன்றும் வைணவர்களுக்குத் தெரியும். அந்த ஒட்டு தெரிவதால் ஆழ்வாரின் மேல் யாருக்காவது பக்தி குறைந்ததா? தமிழில் பாடபேதம் காட்டுவது பழுது சொல்வதாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், பிறர் ஓதும் வேறு பாடங்களையும் சுட்டிவிட்டுத்தான் தம் முடிவைச் சொல்கிறார். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை ஒப்பிட்டார். ஒரே ஏடு இருந்திருந்தால் அதன் பிழைகளே நமக்குப் பாடமாகியிருக்கும். ஏடுகள் பலவாகி வேறுபடும்போதுதான் பிழையைக் கண்டுபிடிக்க வழி பிறக்கிறது. புதிய ஏற்பாட்டுக்கு முழுதாகவும் துண்டாகவும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கப் படிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இடைக்காலத்தவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறுபாடுகளோ ஏராளம். ஆனால் அவற்றில் மிகப்பல எழுத்துப்பிழை, சொல் முன்பின்னாக மாறியது போன்றவை. எதிராளிகள் வேறுபாடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி மிரட்டுகிறார்கள். ஆதரவாளர்கள் படிகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். ஒரே உண்மையின் இரு பக்கங்கள் இவை: படிகள் பெருகினால் வேறுபாடும் பெருகும், திருத்தும் வாய்ப்பும் பெருகும்.

இங்கே விசுவாசிகள் பக்கமிருந்து ஒரு ஆட்சேபம் எழும். பரிசுத்த ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்ட நூலில் ஒரு வரி பிற்சேர்க்கை என்று ஒப்புக்கொண்டால், அடுத்த வரியை எப்படி நம்புவது? ஓர் இழை பிரிந்தால் துணி முழுவதும் பிரிந்துபோகுமே என்பார்கள். இந்தப் பயத்தை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. கூலிவேலை முடித்து வந்து இரவில் விளக்கடியில் வேதம் வாசிப்பவருக்கு அந்த நூல் தவிர வேறு ஊன்றுகோல் இல்லாமலிருக்கலாம். ஆனால் அந்தப் பயத்தின் தர்க்கம் சரியில்லை. பிற்சேர்க்கை என்று எதை வைத்துக் கண்டுபிடித்தோம்? மற்ற இடங்களில் படிகள் ஒத்துப்போவதை வைத்துத்தான். எந்தச் சோதனை ஒரு வரியைத் தள்ளிற்றோ அதே சோதனைதான் மற்ற வரிகளுக்கு உறுதி தருகிறது. சோதனையே கூடாது என்று சொல்கிறவர் கையில்தான் உறுதி எதுவும் இல்லை. ஏவுதல் என்பது எழுதியவரைப் பற்றிய விசுவாசம். பின்னால் படியெடுத்த எழுத்தர் ஒவ்வொருவரும் தவறே செய்யவில்லை என்பது வேறொரு கூற்று. அதை எந்தச் சபையின் விசுவாசப் பிரமாணமும் கேட்பதில்லை. 1943-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் மூலமொழிகளையும் பாடஆய்வையும் கத்தோலிக்க அறிஞர்கள் மேற்கொள்ளுமாறு ஊக்கியது விசுவாசம் தளர்ந்ததால் அன்று.

அடுத்தது கடினமான பகுதி. சொற்கள் சரியாக வந்துசேர்ந்தன என்று வைத்துக்கொண்டாலும், அவை சொல்லும் நிகழ்ச்சிகள் நடந்தனவா? பகுத்தறிவு இங்கே முழு விடை தருவதில்லை. பகுதி விடைதான் தருகிறது. லூக்காவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தாம் விசாரித்து எழுதுவதாகத் தம் நூலின் முகப்பிலேயே சொல்கிறவர் அவர். பலர் எழுதியிருக்கிறார்கள், கண்கூடாகக் கண்டவர்கள் ஒப்புவித்திருக்கிறார்கள், ஆதிமுதல் ஆராய்ந்து வரிசையாக எழுதுகிறேன் என்ற கருத்தில் தொடங்குகிறார். சுவிசேஷ எழுத்தாளர் ஒருவரே விசாரணையைத் தம் தகுதியாகச் சொல்லும்போது, வாசகர் விசாரிப்பதைப் பாவம் என்பது எப்படி? அப்போஸ்தலருடைய நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரத்தில், கொரிந்துவில் பவுலை கல்லியோன் என்ற அதிபதியின் முன் நிறுத்தினார்கள் என்று எழுதுகிறார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான டெல்பி கல்வெட்டில், கிளாடியஸ் பேரரசனின் கடிதத்தில், இந்தக் கல்லியோனின் பெயர் வருகிறது. அதைக் கொண்டு அவர் பதவிக்காலம் கி.பி. 51-52 வாக்கில் என்று கணிக்க முடிந்தது. பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டுக்கணக்கு போட இன்று எல்லோரும் நிற்கும் தரை அதுதான். அதே லூக்கா தம் சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இயேசுவின் பிறப்பை சிரேனியு சீரியாவை ஆண்டபோது நடந்த குடிமதிப்போடு இணைக்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸின் கணக்கில் அந்தக் குடிமதிப்பு கி.பி. 6-இல் நடந்தது. ஏரோது இறந்ததோ வழக்கமான கணிப்பின்படி கி.மு. 4-இல். ஏரோதின் நாட்களிலேயே இந்த நிகழ்ச்சிகள் தொடங்கியதாக முதல் அதிகாரம் சொல்கிறது. ஏறத்தாழ பத்து ஆண்டு இடைவெளி. அதை இட்டுநிரப்ப எத்தனையோ விளக்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எதுவும் என்னை ஏற்கவைக்கவில்லை. லூக்கா இந்த இடத்தில் காலத்தைத் தவறாக இணைத்திருக்கிறார் என்பதே நேரான முடிவு. ஒரே கை எழுதியது: ஓரிடத்தில் கல்வெட்டு அவர் பக்கம் நிற்கிறது, மற்றோரிடத்தில் நிற்கவில்லை. முதலாவதை மட்டும் சபையில் சொல்லி இரண்டாவதை மறைக்கும் பிரசங்கியும், இரண்டாவதை மட்டும் மேடையில் சொல்லி முதலாவதை விட்டுவிடும் பகுத்தறிவுப் பேச்சாளரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்.

“தோண்டியெடுத்த கல்வெட்டு வேதத்தை நிரூபித்துவிட்டது” என்ற பேச்சு நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறது. அதன் எல்லையைக் காட்டப் புனித தோமாவைவிட நமக்கு நெருங்கிய சான்று வேண்டாம். 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ‘தோமாவின் நடபடிகள்’ என்ற நூல், தோமா இந்தியாவில் குந்தபர் என்ற அரசனிடம் தச்சராகப் போனதாகச் சொல்கிறது. நெடுங்காலம் இந்த அரசன் பெயரைக் கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கில் அவனுடைய நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாஹி கல்வெட்டும் கிடைத்தது. அப்படியொருவன் முதல் நூற்றாண்டில் அங்கே ஆண்டது உறுதியாயிற்று. இதனால் நிரூபணம் ஆனது என்ன? நூலை எழுதியவருக்கு உண்மையான ஒரு பெயர் தெரிந்திருந்தது என்பது மட்டுமே. அரசனுக்காகத் தோமா சொர்க்கத்தில் மாளிகை கட்டிய கதையோ, அதில் வரும் அற்புதங்களோ நிரூபணமாகிவிடவில்லை. தோமா உயிர்நீத்த இடமாக மரபு சொல்லும் மயிலாப்பூரின் பெயரும் அந்த நூலில் இல்லை. மயிலை மரபு தன் சொந்தச் சான்றுகளைக் கொண்டுதான் நிற்க வேண்டும். திருச்சபை புதிய ஏற்பாட்டில் சேர்க்காத இந்த நூலுக்கு நாணயச் சான்று எவ்வளவு தூரம் துணைநிற்கிறதோ, சேர்த்துக்கொண்ட நூல்களுக்கும் கல்வெட்டுச் சான்று அவ்வளவு தூரம்தான் துணைநிற்கும். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. பிலாத்து இருந்தான் என்பதை அது காட்டுகிறது. அவன் முன் நின்றவர் யார் என்பதைக் காட்டாது.

சுவிசேஷங்களுக்குள்ளேயே எடைபோட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்படி எழுதும்போது சில இடங்களை மாற்றியிருக்கிறார்கள். தன்னை நல்லவன் என்று ஏன் அழைக்கிறாய் என்று இயேசு கேட்பதாக மாற்கு எழுதியதை, மத்தேயுவின் பழைய படிகள் நன்மையைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று மாற்றித் தருகின்றன. சங்கடத்தைத் தவிர்க்கும் திருத்தம் அது என்று படிக்கிறவருக்கே புரியும். இதைக் கண்டு அதிர வேண்டியதில்லை. எழுத்தாளர்கள் எங்கே மென்மைப்படுத்தினார்கள் என்று தெரிந்தால், எதை மென்மைப்படுத்தாமல் விட்டார்கள் என்பதன் மதிப்பும் கூடுகிறது. பேதுரு மறுதலித்தான், சீஷர்கள் ஓடிப்போனார்கள், இயேசு யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார், கைவிட்டீரே என்று சிலுவையில் கதறினார், வெறுங்கல்லறையை முதலில் கண்டவர்கள், சாட்சியாக அந்தச் சமூகம் குறைத்து மதித்த பெண்கள். தன் தலைவனைப் பெருமைப்படுத்த எழுதும் கூட்டம் இவற்றைப் புனைவதற்குக் காரணம் இல்லை. தனக்குப் பாதகமானதையும் சொல்கிறவரின் சொல்லுக்கு எடை கூடுகிறது என்ற அதே விதியைத்தான் கம்பெனிக் கடிதங்களுக்கும் கதைப்பாடலுக்கும் நாம் வைக்கிறோம்.

இப்போது பகுத்தறிவாளரின் வலுவான ஆட்சேபம். இதெல்லாம் சரி, அற்புதங்கள்? தண்ணீர் திராட்சரசமானதையும் மரித்தவர் எழுந்ததையும் வேறு நூலில் படித்தால் நீங்களே புராணம் என்பீர்களே? ராஜா ராம்மோகன் ராய் 1820-இல் இயேசுவின் உபதேசங்களை மட்டும் பிரித்தெடுத்து வெளியிட்டார். அற்புதங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். சேரம்பூர் மிஷனரி ஜோசுவா மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்தார். உபதேசம் தன் நியாயத்தால் தானே நிற்கும், அற்புதத்தின் முட்டு அதற்கு வேண்டாம் என்பது ராயின் நிலை. மரியாதைக்குரிய நிலைதான். ஆனால் மலைப்பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது, ஆதிக் கிறிஸ்தவர்கள் எதை முக்கியமாகச் சொன்னார்களோ அதை விடுவதாகும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஐம்பதுகளில், அதாவது சிலுவை மரணத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்குள், எழுதப்பட்டது. அதன் பதினைந்தாம் அதிகாரத்தில், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்புவிப்பதாகச் சொல்லி, உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தருகிறார். அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் குறிப்பிடுகிறார். இவ்வளவு சீக்கிரத்தில் இந்த நம்பிக்கை உறுதியாக இருந்தது என்பதைப் பகுத்தறிவு நிறுவிவிடும். அவர்கள் கண்டது மெய்யாகவே உயிர்த்த ஒருவரையா என்று அதற்குமேல் வரலாற்று முறை சொல்லாது. ஏனென்றால் அந்த முறை எப்போதும் நடப்பதை வைத்து ஒருமுறை நடந்ததை எடைபோடுவது. ஆகவே அற்புதம் நடந்தது என்று வரலாறு நிரூபித்துவிட்டதாகச் சொல்கிற விசுவாசி அளவுக்குமீறிச் சொல்கிறார். நடக்கவில்லை என்று வரலாறு நிரூபித்ததாகச் சொல்கிறவரும் தன் தத்துவ முடிவை வரலாற்றின் வாயில் வைக்கிறார்.

அளவுகோல் ஒன்றுதானே, பிற சமய அற்புதங்களுக்கும் இப்படியே சொல்வீர்களா என்று கேட்பார்கள். ஆம், அப்படியேதான். சாட்சி எவ்வளவு பழையது, எவ்வளவு நெருக்கமானது, எத்தனை கை மாறியது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து, அதற்குரிய எடையைத் தருவேன். என் சமயத்தது இல்லை என்பதற்காக ஒன்றைச் சிரித்துத் தள்ளமாட்டேன். அப்படியானால் விசுவாசத்துக்கு என்ன மிச்சம்? மிச்சமிருப்பது சிறிதன்று. சாட்சியை எடைபோட்டு முடித்த பிறகும் ஒரு மனிதன் யாரை நம்பித் தன் வாழ்க்கையை நடத்துவது என்ற முடிவு பாக்கியிருக்கிறது. நம்பத் தகுந்தவர் என்று கண்ட ஒருவரின் சொல்லை, நாம் நேரே காண முடியாத இடத்திலும் ஏற்பதுதான் உரை என்ற அளவையின் வேலை. பவுலும் பேதுருவும் தாங்கள் கண்டதை நேர்மையாகச் சொல்கிறவர்கள் என்று அவர்களுடைய மற்றச் சொற்களைச் சோதித்து அறிந்தவர், இந்தச் சொல்லையும் ஏற்றுக்கொள்வது நியாயம். ஏற்காதவரையும் அறிவீனர் என்று சொல்ல முடியாது. நான் ஏற்கிறேன், ஆனால் அதை நிரூபணம் என்று சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

இதெல்லாம் செமினரிக்காரர்களுக்கு ஆகும், ஊர்ச்சபைக்கு எதற்கு என்று சொல்வோரும் உண்டு. இன்று ஊர்ச்சபையில்தான் இது தேவை. கைப்பேசி வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு மாற்குவின் முடிவைப் பற்றிய செய்தி எங்கிருந்தாவது வந்தே தீரும். பெரும்பாலும் ஏளனத்தோடு வரும். அதற்கு முன்பே அன்போடு சொல்லும் குரலாக ஆயரோ, குருவானவரோ, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரோ இருந்தால், அந்தப் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக உணராது. இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வாரம் ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு பழைய திருப்புதல், ஒரு திருவிவிலியம். முதல் வாரம் யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம். அடுத்து மாற்கு பதினாறு. பிறகு திருவிவிலியம் குறிப்போடு தரும் யோவான் எட்டு. அதன் பின் லூக்காவின் குடிமதிப்பையும் கல்லியோனையும் சேர்த்தே ஒரு வாரம். பழைய ஏற்பாட்டில் அரசர்களின் கணக்குகள் மாறுபடும் இடங்களுக்கு அப்புறம் வரலாம். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது. 1995-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பை இரு தரப்பு அறிஞர்களும் அப்படி உட்கார்ந்துதான் செய்தார்கள். பக்கத்து வீட்டு இந்து நண்பரோ இஸ்லாமிய நண்பரோ வந்து கேட்க விரும்பினால் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கும் நம் பிள்ளை கேட்கும் கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.